மோவாய் உள்ளே போயிருந்தால் தாடை சின்னதா? முகம் வளரும் திசையும் பல்வரிசையும்

பிள்ளைக்குப் பல் தூக்கலாக இருந்தால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சின்ன வயதில் விரல் சூப்பினான், அதனால்தான் என்பார் பாட்டி. கீழ்த்தாடையே சின்னது, அப்பா வழி என்பார் அம்மா. வாயால் மூச்சு விட்டால் முகம் நீண்டுபோகும், நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைத்தால் தாடை எடுப்பாகும் என்று யூடியூபில் பார்த்ததை அண்ணன் எடுத்துவிடுவான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் யாருமே பேசாத ஒன்று உண்டு: அந்தப் பிள்ளையின் முகம் எந்தத் திசையில் வளர்ந்துகொண்டிருக்கிறது?

கிளிப் போடுவதற்கு முன்னால் பல் சீரமைப்பு மருத்துவர் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்து, கோடு இழுத்து, கோணம் அளந்து, ‘வெர்ட்டிகல் குரோயர்’, ‘லோ ஆங்கிள் கேஸ்’ என்று ஏதோ எழுதுகிறாரே, அது இந்தத் திசையைப் பற்றியதுதான். அதை ஒருமுறை புரிந்துகொண்டால், ஒரே மாதிரி பல் தூக்கலாக உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு ஏன் வேறு வேறு சிகிச்சை சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

பல்லை மட்டும் பார்த்த காலம்

பல் சீரமைப்பைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899இல் அவர் பல் கடியை மூன்று வகுப்பாகப் பிரித்தார். பல் கடி என்பது வாயை மூடும்போது மேல்வரிசையும் கீழ்வரிசையும் பொருந்தும் விதம். ஆறு வயதுவாக்கில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்தான் அவருடைய அளவுகோல். மேலே உள்ள அந்தப் பல்லின் முன்முகடு, கீழே உள்ள பல்லின் வெளிப்பக்கப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்தால் முதல் வகுப்பு. கீழ்ப்பல் அதைவிடப் பின்தங்கியிருந்தால் இரண்டாம் வகுப்பு. முன்னே வந்திருந்தால் மூன்றாம் வகுப்பு. நூற்றாண்டு கடந்தும் இந்தப் பிரிவு உயிரோடு இருக்கிறது. உங்கள் பிள்ளையின் கேஸ் ஷீட்டிலும் இருக்கும்.

எளிமைதான் இதன் பலம், ஓட்டையும் அதுவே. இது முன்பின் பொருத்தத்தை மட்டும் பார்க்கிறது. உயரத்தையும் அகலத்தையும் விட்டுவிடுகிறது. தவிர, பல்லைத்தான் பார்க்கிறதே ஒழியப் பல்லைத் தாங்கும் எலும்பைப் பார்ப்பதில்லை. எல்லாப் பல்லையும் அதனதன் இடத்தில் நிறுத்திவிட்டால் முகம் தானாக அழகாகிவிடும் என்று ஆங்கிள் நம்பினார். அதனால் பல்லைப் பிடுங்குவதை எதிர்த்தார். அவருடைய மாணவர் சார்லஸ் ட்வீட் குருவின் வழியிலேயே பல ஆண்டு சிகிச்சை செய்துவிட்டு, முடிவுகளைத் திரும்பிப் பார்த்தபோது அதிர்ந்துபோனார். பலருக்குப் பல் மீண்டும் நெருக்கியடித்திருந்தது, வாய் முன்னே தள்ளியிருந்தது. அவர் மறுபடி சிகிச்சை செய்தார், இந்த முறை பல் எடுத்து. பிறகு கீழ்த்தாடையின் சாய்வு எத்தனை டிகிரி என்பதை நோயறிதலுக்குள்ளேயே கொண்டுவந்தார்.

சாய்வை அளக்க முடிந்ததற்குக் காரணம் 1931இல் வந்த ஒரு கருவி. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாலி பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என இருவர் ஒரே ஆண்டில் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். தலையை ஒரு தாங்கியில் அசையாமல் நிறுத்தி, எப்போதும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கும் முறை. இந்தப் படத்தின் பெயர் செஃபலோகிராம். ஒரே பிள்ளையை எட்டு வயதிலும் பதினான்கு வயதிலும் படம் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்க அதனால்தான் முடிந்தது. முகம் எப்படி வளர்கிறது என்ற ஊகம் அளவாக மாறியது இங்கேதான்.

பாக்குவெட்டியை எடுத்துக்கொள்வோம்

பாக்குவெட்டியின் இரண்டு கைகளும் ஒரு முனையில் ஆணியால் இணைந்திருக்கும். மேல் கையை மேல்தாடை என்று வைத்துக்கொள்ளுங்கள்; அது மண்டையோட்டோடு ஒட்டியது, தனியாக அசையாது. கீழ்க் கை கீழ்த்தாடை. ஆணி இருக்கும் இடம் காதுக்குச் சற்று முன்னால் உள்ள தாடை மூட்டு. ஆணிக்குப் பக்கத்தில் பாக்கை வைத்தால் என்ன ஆகும்? பாக்கு சின்னதாக இருந்தாலும் முன்முனை நன்றாக விரிந்து நிற்கும். அந்தப் பாக்குதான் கடைவாய்ப்பல்.

இப்போது இதை வளரவிடுவோம். ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வரை மேல்தாடை கீழ்நோக்கி இறங்குகிறது. மேல், கீழ் இரண்டு கடைவாய்ப்பற்களும் எலும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஒன்றை நோக்கி ஒன்று முளைக்கின்றன. அதாவது பாக்கு ஆண்டுதோறும் தடித்துக்கொண்டே போகிறது. இது மட்டும் நடந்தால் நம் எல்லோருக்கும் முன்வாய் பிளந்து, மோவாய் கீழேயும் பின்னாலேயும் சுழன்று போயிருக்கும்.

அப்படி ஆகாததற்குக் காரணம், ஆணிப் பக்கமும் சேர்ந்து வளர்வதுதான். பாக்குவெட்டியில் இல்லாத வசதி இது. காதுக்கு முன்னிருந்து தாடை மூலை வரை நிமிர்ந்து நிற்கும் எலும்பு ஆண்டுதோறும் நீள்கிறது. மூட்டு முனையில் உள்ள குருத்தெலும்பு மேலேயும் பின்னாலேயும் வளர, மூட்டுக் குழியோ அங்கேயே இருப்பதால், தாடை முழுவதும் கீழேயும் முன்னாலேயும் தள்ளப்படுகிறது. பாக்கு தடிக்கும் அளவுக்கு ஆணியும் இறங்கிக் கொடுக்கிறது என்று சொல்லலாம்.

ஆக, முன்னே ஒரு வளர்ச்சி, பின்னே ஒரு வளர்ச்சி. இரண்டும் சமமானால் கீழ்த்தாடை சாய்வு மாறாமல் இறங்கும். பின்பக்கம் முந்தினால் மோவாய் மேலும் முன்னுமாகச் சுழலும், இது முன்சுழற்சி. கடைவாய்ப் பக்கம் முந்தினால் மோவாய் கீழும் பின்னுமாகச் சுழலும், இது பின்சுழற்சி. எவ்வளவு சின்ன வித்தியாசம் போதும் என்பதற்குப் பல் மருத்துவர்கள் சொல்லும் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு: கடைவாய்ப் பக்கம் 1 மி.மீ. உயர்ந்தால் முன்பல் இடத்தில் 2 முதல் 3 மி.மீ. வரை திறந்துகொள்ளும்.

தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. மோவாய் உள்ளே போயிருப்பது தாடை குட்டையானதால் இருக்கலாம். முழு நீளத் தாடையே பின்பக்கம் சுழன்றதாலும் இருக்கலாம். பக்கவாட்டிலிருந்து வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும்.

இதுவரை சொன்னது: முகத்தின் பின்பக்க உயரமும் முன்பக்க உயரமும் போட்டி போட்டு வளர்கின்றன. எது முந்துகிறதோ அதற்கேற்ப மோவாய் முன்னாலோ பின்னாலோ சுழல்கிறது.

எலும்புக்குள் ஊசி வைத்துப் பார்த்தவர்

செஃபலோகிராம் படங்களை ஒன்றின் மேல் ஒன்று வைக்க அசையாத ஒரு புள்ளி வேண்டும். எலும்பின் வெளிப்பரப்பு அதற்கு உதவாது. ஓரிடத்தில் கரைந்து இன்னோரிடத்தில் படிந்துகொண்டே இருக்கும். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பணியாற்றிய ஆர்னே பியோர்க் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டார். டாண்டலம் என்ற உலோகத்தில் செய்த மிகச் சின்ன ஊசிகளைப் பிள்ளைகளின் தாடை எலும்புக்குள் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு லேசில் கையெழுத்துப் போடாது. ஆனால் முக வளர்ச்சி பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஊசிகள் சொன்னதுதான்.

என்ன சொன்னது? சராசரிப் பிள்ளைக்கு நான்கு வயதிலிருந்து வளர்ந்து முடியும் வரை கீழ்த்தாடையின் உட்பகுதி ஏறத்தாழ 15 டிகிரி முன்னே சுழல்கிறது. ஆனால் தாடையின் கீழ்விளிம்பை மட்டும் அளந்தால் 3, 4 டிகிரி மாற்றம்தான் தெரியும். மீதி எங்கே போனது? உள்ளே தாடை சுழலச் சுழல, வெளிப்பரப்பு எதிர்த்திசையில் தன்னைச் செதுக்கிக்கொண்டு அதை மறைத்துவிடுகிறது. முகம் தன் வளர்ச்சியைத் தானே மூடி மறைக்கும் இந்தச் சாமர்த்தியம்தான், ‘பார்த்தாலே தெரியும்’ என்று சொல்பவர்களை ஏமாற்றுகிறது.

1969இல் பியோர்க் இன்னொன்றும் செய்தார். ஊசி இல்லாமல் ஒரே ஒரு எக்ஸ்ரேயை வைத்துச் சுழற்சியை ஊகிக்க ஏழு அடையாளங்களைக் குறிப்பிட்டார். மூட்டு முனை முன்னே சாய்ந்திருக்கிறதா பின்னே சாய்ந்திருக்கிறதா, கீழ்த்தாடைக்குள் நரம்பு ஓடும் குழாய் வளைந்திருக்கிறதா நேராகப் போகிறதா, தாடை மூலைக்கு முன்னால் கீழ்விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா, மோவாய் எலும்பின் சாய்வு எப்படி என்பவை அவற்றில் சில. தீவிரமாகச் சுழலும் முகங்களில்தான் இவை தெளிவாகத் தெரியும். நடுவாந்திர முகங்களில் அவ்வளவு உதவாது.

நீள்முகமும் குறுமுகமும், அவற்றின் பற்களும்

பின்சுழற்சி மிகுந்து முகத்தின் கீழ்ப்பாதி உயரமாக வளர்ந்ததை நீள்முகம் என்போம். மருத்துவர்கள் வெர்ட்டிகல் குரோயர், ஹை ஆங்கிள் என்பது இதைத்தான். முன்சுழற்சி மிகுந்து கீழ்ப்பாதி குறுகியது குறுமுகம். ஹாரிஸான்டல் குரோயர், லோ ஆங்கிள் என்பது இது. பெரும்பாலான மனிதர்கள் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறோம். இவை நோயின் பெயர்கள் இல்லை, உடல்வாகு போல முகவாகு.

நீள்முகத்தில் உதடுகள் ஓய்வில் ஒட்டாமல் விலகியிருக்கும். மூட முயன்றால் மோவாய்த் தசை இழுபட்டுத் தோலில் குழிகுழியாகத் தெரியும். சிரித்தால் பல்லைவிட ஈறு எட்டிப் பார்க்கும், ஏனென்றால் மேல்தாடை அதிகமாக இறங்கியிருக்கிறது. மேல்வரிசை குறுகி அண்ணம் உயர்ந்திருப்பது இவர்களிடம் அடிக்கடி காணக்கூடியது. குறுகிய மேல்வரிசையின் கடைவாய்ப்பற்கள் கீழ்வரிசைக்கு வெளியே விழ வேண்டியதற்குப் பதில் உள்ளே விழும். இதற்குக் குறுக்குக் கடி என்று பெயர். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுவே இடைவெளி விழுந்தால் அது திறந்த கடி. அந்த இடைவெளிக்குள் நாக்கு புகுந்துகொள்ளும். நூடுல்ஸை முன்பல்லால் கடித்துத் துண்டாக்க முடியாது என்று பிள்ளைகளே சொல்வார்கள். வெளியிலிருந்து தெரியாத இன்னொன்று, கீழ் முன்பற்களைத் தாங்கும் எலும்பு இவர்களுக்கு உயரமாகவும் மெல்லியதாகவும் இருப்பது. அந்தப் பற்களை முன்னும் பின்னும் நகர்த்த அங்கே இடம் கொஞ்சம்தான்.

குறுமுகம் ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. தாடை மூலை சதுரமாக எடுத்துக்காட்டும், மெல்லும் தசை தடித்திருக்கும், வரிசைகள் அகலமாக இருக்கும். கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவில் ஆழமான மடிப்பு விழும். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை முழுக்க மூடிக்கொள்ளும் ஆழ்கடி இவர்களின் அடையாளம். சிலருக்குக் கீழ்ப்பல் மேலண்ணத்தில் குத்திப் புண்ணே ஆகிவிடும்.

சரி, இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் போய் நின்றுவிடாதீர்கள். விரல் சூப்பும் குறுமுகப் பிள்ளைக்கும் திறந்த கடி வரும். நீள்முகத்திலும் ஆழ்கடி உண்டு. காரணம், பற்களுக்குச் சமாளிக்கத் தெரியும். தாடைகள் விலகிப் போனால் முன்பற்கள் கூடுதலாக முளைத்து ஒன்றையொன்று தேடிப் பிடிக்கின்றன. கீழ்த்தாடை பின்தங்கினால் கீழ் முன்பற்கள் முன்னே சாய்ந்து தூரத்தைக் குறைக்கின்றன. எலும்பின் கோளாறைப் பல் இப்படி ஈடுகட்டிவிடுவதால், உள்ளே கணிசமான பிசகு இருந்தும் கடி சாதாரணமாகத் தெரியும் ஆட்கள் நிறைய. பல்வரிசையை மட்டும் பார்த்து முகத்தின் வளர்ச்சியைச் சொல்வதும் தவறு, முகத்தைப் பார்த்துப் பல்வரிசையைச் சொல்வதும் தவறு. இரண்டையும் தனித்தனியாக அளந்த பிறகுதான் ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்க்க வேண்டும். நோயறிதல் என்பதில் பாதி வேலை இதுதான்.

எக்ஸ்ரேயில் என்ன அளக்கிறார்கள்?

அளவுகள் நூற்றுக்கும் மேல் உண்டு. ஆரம்பத்துக்கு மூன்று போதும்.

முதலாவது, கீழ்த்தாடைச் சாய்வு. காதுத் துளையின் மேல்விளிம்பையும் கண்குழியின் கீழ்விளிம்பையும் இணைக்கும் கோடு ஒன்று. கீழ்த்தாடையின் கீழ்விளிம்பு ஒட்டிய கோடு இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் ட்வீட் சொன்ன சராசரி 25 டிகிரி. 30ஐத் தாண்டினால் நீள்முகப் பக்கம், 20க்குக் கீழே வந்தால் குறுமுகப் பக்கம். மேற்சொன்ன கண்–காது கோட்டுக்குப் பிராங்க்பர்ட் தளம் என்று பெயர். மண்டையோடுகளை எல்லோரும் ஒரே நிலையில் வைத்து அளக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் மானுடவியலாளர்கள் பிராங்க்பர்ட்டில் கூடி ஒப்புக்கொண்ட கோடு அது.

இரண்டாவது, முன்பின் உயரங்களின் விகிதம். முகத்தின் பின்பக்க உயரத்தை முன்பக்க உயரத்தால் வகுத்தால் சுமார் 62 முதல் 65 சதவீதம் வரும். ஜராபாக் என்பவர் பெயரால் வழங்கும் விகிதம் இது. குறைந்தால் செங்குத்து வளர்ச்சி, கூடினால் கிடைமட்ட வளர்ச்சி.

மூன்றாவது, மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள முன்பின் வித்தியாசம். மூக்கின் வேரிலிருந்து இரண்டு தாடைகளின் முன்புள்ளிகளுக்கும் கோடு இழுத்தால் நடுவில் கிடைக்கும் கோணம் சராசரியாக 2 டிகிரி. இது 1953இல் செசில் ஸ்டெய்னர் தந்த முறை. கோணம் மிக அதிகமானால் எலும்பளவில் இரண்டாம் வகுப்பு. மேல்புள்ளியைக் கீழ்ப்புள்ளி முந்தி, கோணம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் மூன்றாம் வகுப்பு.

இந்தச் சராசரிகள் எல்லாம் வெள்ளை அமெரிக்கர்களை அளந்து வந்தவை என்பதை மறக்கக் கூடாது. இந்திய முகங்களை அளந்தவர்கள் நம் முன்பற்களும் உதடுகளும் அவர்களுடையதைவிடச் சற்று முன்னே இருப்பதாகத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஸ்டெய்னரின் எண்ணை அப்படியே எடுத்துவந்து இங்கே வைத்தால் நம்மூரில் பாதிப் பேருக்கு வியாதி இருப்பதாக ஆகிவிடும். நல்ல மருத்துவர் எண்ணைப் பார்த்த கையோடு எதிரில் உட்கார்ந்திருக்கும் முகத்தையும், முடிந்தால் அப்பா அம்மா முகத்தையும் பார்ப்பார்.

இன்னொன்று: ஒரு எக்ஸ்ரே என்பது இதுவரை நடந்ததன் படம். இனி நடக்கப்போவதை அது உறுதியாகச் சொல்லாது. நீள்முகப் பிள்ளை நீள்முகமாகவும் குறுமுகப் பிள்ளை குறுமுகமாகவும் வளர்வதே பெரும்போக்கு. ஆனால் ஒரு தனிப் பிள்ளை பத்து வயதுக்குப் பிறகு எத்தனை டிகிரி சுழலும் என்று துல்லியமாகக் கணிக்கும் சூத்திரம் எதுவும் கிடையாது.

சுருக்கினால், தாடையின் சாய்வு, உயரங்களின் விகிதம், முன்பின் கோணம் மூன்றும் சேர்ந்துதான் முகத்தின் வளர்ச்சிப் போக்கைக் காட்டும். ஆங்கிளின் வகுப்பு அதற்கு மேல் பல்லின் கதையைச் சேர்க்கும்.

மூச்சா, தசையா, பரம்பரையா?

அதிகம் பேசப்படுவது வாய்மூச்சு. ஸ்வீடனில் லிண்டர்–ஆரன்சன் 1970இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கின் பின்னால் அடினாய்டு சதை பெருத்த பிள்ளைகளுக்குச் சராசரியாக முகத்தின் கீழ்ப்பாதி சற்று நீண்டும் தாடை சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தும் இருந்தது. வழிமுறையை ஊகிப்பது கடினமில்லை. வாய் எப்போதும் திறந்தே இருந்தால் கடைவாய்ப்பற்கள் முளைத்துக்கொண்டே போகத் தடை இல்லை, பாக்கு தடிக்கிறது. ஆனால் ‘சராசரியாக’, ‘சற்று’ என்ற இரண்டு சொற்களும் யூடியூபுக்கு வரும்போது உதிர்ந்துவிடுகின்றன. வாயால் மூச்சு விட்டும் நல்ல முகவாகோடு வளரும் பிள்ளைகள் உண்டு. மூக்கில் எந்த அடைப்பும் இல்லாத நீள்முகக்காரர்களும் நிறைய. ஹார்வோல்ட் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தபோதும் எல்லாக் குரங்குக்கும் ஒரே மாதிரி மாற்றம் வரவில்லை. ஒவ்வொன்றும் தாடையை ஒவ்வொரு விதமாக வைத்துக்கொண்டு வேறு வேறு பல்கோளாறுக்குப் போனது. அடினாய்டு அடைப்பு இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான், தூக்கத்துக்காகவும் காதுக்காகவும். முகம் மாறும் என்ற வாக்குறுதிக்காக வேண்டாம்.

தசை விஷயம் சுவாரசியமானது. நீள்முகப் பெரியவர்கள் கடிக்கும் விசை, சாதாரண முகத்தவர்களின் விசையைவிட மிகக் குறைவு. அப்படியானால் பலவீனமான தசையால்தான் முகம் நீண்டது என்று தோன்றும். 1983இல் பிராஃபிட்டும் ஃபீல்ட்ஸும் பிள்ளைகளை அளந்தபோது நீள்முகப் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் விசையில் வித்தியாசமே காணோம். அதாவது முகம் ஏற்கெனவே நீண்டிருக்கிறது, தசை இன்னும் பின்தங்கவில்லை. காரணமும் விளைவும் நாம் நினைத்த வரிசையில் இல்லாமல் இருக்கலாம். வளர்ந்து முடித்த ஒருவர் சூயிங்கம் மென்றோ நாக்கை அண்ணத்தில் அழுத்தியோ தாடை எலும்பின் திசையை மாற்றலாம் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. மென்றால் தசை தடிக்கும், அவ்வளவுதான்.

பரம்பரையின் பங்கு பெரிது. மூன்றாம் வகுப்புத் தாடைக்கு உலகறிந்த உதாரணம் ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம். ஐந்தாம் சார்லஸ் தொடங்கி 1700இல் இறந்த ஸ்பெயினின் இரண்டாம் சார்லஸ் வரை தலைமுறை தலைமுறையாக ஓவியங்களில் அந்தத் துருத்திய கீழ்த்தாடையைப் பார்க்கலாம். அரண்மனை ஓவியர்களால்கூட மறைக்க முடியவில்லை!

திசை தெரிந்தால் சிகிச்சை எப்படி மாறும்?

மேல்பல் தூக்கலாக, மோவாய் உள்ளே போன இரண்டு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் கேஸ் ஷீட்டில் இரண்டாம் வகுப்பு. ஒருவன் குறுமுகம், ஆழ்கடி. அவனுக்குக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவரும் ட்வின் பிளாக் போன்ற கழற்றி மாட்டும் கருவியைக் கொடுத்து, கூடவே கடைவாய்ப்பற்களைக் கொஞ்சம் முளைக்க விடலாம். வாய் சற்றுத் திறந்து ஆழ்கடி குறையும், முகத்தின் கீழ்ப்பாதிக்கு உயரமும் கிடைக்கும். மோவாய் சற்றுப் பின்னே சுழன்றாலும் அவனிடம் தாங்கும் கையிருப்பு உண்டு.

இன்னொருத்தி நீள்முகம். அவளுக்கு அதே கருவியை அதே விதமாகப் பயன்படுத்திக் கடைவாய்ப்பற்களை முளைக்க விட்டால் மோவாய் இன்னும் கீழேயும் பின்னேயும் போகும். பல் சரியாகி முகம் மோசமாகும். அவளுக்குக் கடைவாய்ப்பற்களை முளைக்கவிடாமல் பிடித்து வைப்பதுதான் வேலை. கடைவாயில் பிளாஸ்டிக் கட்டை வைப்பது, மேல்நோக்கி இழுக்கும் தலைப்பட்டை, இப்போது பரவலாகிவிட்ட எலும்பில் பொருத்தும் சின்னத் திருகு என்று வழிகள் உண்டு. திருகை வைத்துக் கடைவாய்ப்பற்களை எலும்புக்குள் ஓரிரு மி.மீ. அழுத்திவிட்டால் கீழ்த்தாடை தானாக மேலும் முன்னுமாகச் சுழலும். பாக்குவெட்டியிலிருந்து பாக்கைச் சீவி எடுத்த மாதிரி.

இதன் பெரிய வடிவம் அறுவை சிகிச்சையில் உண்டு. வளர்ந்து முடித்த நீள்முகக்காரருக்கு மேல்தாடையை வெட்டிச் சில மி.மீ. மேலே தூக்கிப் பொருத்துவார்கள். ஈறு தெரிவது குறையும், அதோடு கீழ்த்தாடையில் கத்தி படாமலேயே மோவாய் முன்னே வரும். கேட்பவர்கள் முதலில் நம்பமாட்டார்கள்.

மூன்றாம் வகுப்பிலும் இதே தர்க்கம்தான். மோவாயில் கிண்ணம் மாட்டிப் பின்னே இழுக்கும் பழைய கருவி தாடையின் வளர்ச்சியை நிறுத்துவதைவிட அதைக் கீழே சுழற்றுவதே அதிகம். குறுமுகப் பிள்ளைக்கு அது நன்மையாகக்கூட முடியும். நீள்முகப் பிள்ளைக்குத் தீங்கு.

பல் எடுப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கும் திசை வந்து சேர்கிறது. குறுமுகத்தில் தசை வலுவானது, பல் எடுத்த இடைவெளியை மூடுவது மெதுவாக நடக்கும், ஆழ்கடி இன்னும் ஆழமாகும் அபாயம் உண்டு. அதனால் அங்கே பல் எடுக்கத் தயங்குவார்கள். நீள்முகத்தில் அந்தத் தயக்கம் குறைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாலு பல் எடுத்தார்கள், நம் பிள்ளைக்கு ஏன் எடுக்கவில்லை என்று சண்டைக்குப் போகும் முன் இதை யோசிக்கலாம்.

எப்போது, எதுவரை?

முகம் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வளர்ந்து முடிவதில்லை. அகலம் முதலில், பருவ வளர்ச்சிக்கு முன்பே ஏறத்தாழ முடிந்துவிடும். அப்புறம் முன்பின் நீளம். உயரம்தான் கடைசி. பெண் பிள்ளைகளுக்குப் பதினேழு பதினெட்டு வரை, ஆண் பிள்ளைகளுக்கு இருபதைத் தாண்டியும் முகத்தின் உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டிருக்கும். அண்ணத்தை விரிக்க வேண்டியவர்களுக்குச் சீக்கிரமும், தாடை அறுவைக்குத் தாமதமாகவும் நாள் குறிப்பது இதனால்தான். வளர்ச்சி வேகம் எடுக்கும் நேரத்தை வயதை வைத்துச் சொல்ல முடியாது. பெண்கள் ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு ஆண்டு முந்துகிறார்கள். கழுத்துப் பகுதி முதுகெலும்புகளின் வடிவம் அந்தப் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே தெரியும். அதை வைத்துப் பிள்ளை வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு மதிப்பிடுவார்கள். முதல் பரிசோதனையை ஏழு வயதுக்குள் செய்துவிடுங்கள் என்பது அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. உடனே கிளிப் போட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலும் ‘பார்த்துக்கொண்டிருப்போம்’ என்றுதான் அனுப்புவார்கள்.

கடைசியில் முடியும் இந்த உயர வளர்ச்சி இன்னொரு பரவலான நம்பிக்கையையும் அசைக்கிறது. பதினெட்டு இருபது வயதில் கீழ் முன்பற்கள் திடீரென்று நெருக்கியடிக்கத் தொடங்கும். ஞானப்பல் முளைத்துத் தள்ளிவிட்டது என்போம். ஞானப்பல்லே பிறவியில் இல்லாதவர்களுக்கும் இந்த நெருக்கம் வருகிறது. மேல்தாடை ஓய்ந்த பிறகும் கீழ்த்தாடை கொஞ்சம் வளர்ந்து முன்னே வருவதால், கீழ் முன்பற்கள் மேல்பற்களிலும் உதட்டிலும் மோதிப் பின்னே தள்ளப்படுகின்றன என்பதே இன்று கூடுதலாக ஏற்கப்படும் விளக்கம். நெருக்கத்தைத் தடுக்க மட்டும் ஞானப்பல்லை எடுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுப் பார்ப்பது நல்லது. சொத்தை, வீக்கம் போன்ற வேறு காரணம் இருந்தால் அது தனி.

பதினைந்து வயதில் கிளிப்பைக் கழற்றிய பையனிடம், சீராக்கிய பற்களை நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை இரவில் போடச் சொல்லி ஆண்டுக்கணக்கில் நச்சரிப்பதற்கும் காரணம் இதுதான். திறந்த கடி, ஆழ்கடி, மூன்றாம் வகுப்பு ஆகியவற்றைச் சரிசெய்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றை உண்டாக்கிய வளர்ச்சி கிளிப்பைக் கழற்றிய அன்று நின்றுவிடுவதில்லை. ரிட்டெய்னரைக் கொடுக்கும்போது, “இவன் முகம் இன்னும் எந்தப் பக்கம் வளரும் டாக்டர்?” என்று கேளுங்கள். எத்தனை வருடம் போட வேண்டும் என்பதற்கான பதிலும் அதோடு சேர்ந்து வந்துவிடும்.